உங்க பையன் எந்த நம்பர்?

அரிசோனாவில் மேசா ஊருக்குக் குடிவந்த புதிதில் பேஸ்பால் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பிப்ரவரி பிறந்ததும் ஹோட்டல் வாடகையெல்லாம் தாறுமாறாக ஏறியது, ஏன் என்று கேட்டால் ஸ்பிரிங் டிரெயினிங், அதாவது பேஸ்பால் சீசனுக்கு முந்தைய பயிற்சி முகாம் என்றார்கள். உச்ச மட்ட பேஸ்பால் போட்டியான மேஜர் லீகின் 30 அணிகளில் 15 இந்த பீனிக்ஸ் சுற்றுவட்டாரத்தில்தான் முகாம் போடுகின்றன, மீதி 15 ஃபுளோரிடாவில். எனக்கோ எச்4 விசா, வேலைக்குப் போக அனுமதியில்லை, இவர் காரை எடுத்துக்கொண்டு ஆபீஸ் போய்விடுவார். நடந்து போகும் தூரத்தில் இருந்தது சிகாகோ கப்ஸ் அணியின் மைதானமான ஸ்லோன் பார்க். டிக்கெட் வாங்கிப் பார்க்கிற ஆட்டமெல்லாம் உள்ளே. நான் போய் உட்கார்ந்தது பக்கத்துப் பயிற்சி மைதானங்களில், அங்கே காசு கிடையாது.

அங்கே ஆடுகிறவர்களில் நிறையப் பேர் கல்லூரி அணியிலிருந்து வந்த பையன்கள். முதுகில் பெயர் இருக்காது, 80, 90 என்று பெரிய நம்பர் மட்டும். அதனால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் எல்லோரும் நம்பரை வைத்துத்தான் பேசிக்கொள்வார்கள். அயோவாவிலிருந்து வந்த ஓர் அம்மா என்னிடமும் கேட்டார், "உங்க பையன் எந்த நம்பர்?" பையனெல்லாம் இல்லை, சும்மா பார்க்க வந்தேன் என்றதும் கைப்பையை நகர்த்தி இடம் கொடுத்தார். ஆட்டத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தது அவர்தான்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவளுக்கு அங்கே நடப்பது வேடிக்கையாக இருந்தது. வழக்கமாக மூன்று பேர் அவுட் ஆனால்தான் இன்னிங்ஸ் முடியும். இங்கே பந்து எறிகிறவன் அதிகம் எறிந்துவிட்டால், அதற்கு முன்பே கோச் "ரோல் இட்" என்று கத்துவார், இன்னிங்ஸ் அத்தோடு முடிந்தது. யார் ஜெயித்தார்கள் என்று யாரும் கவலைப்படுவதில்லை. அன்றைக்கு எறியாத பையன்கள் வலைக்குப் பின்னால் வேகம் பார்க்கும் கருவியோடு உட்கார்ந்து ஒவ்வொரு பந்தையும் எழுதிக்கொண்டிருப்பார்கள், தன் இடத்துக்குப் போட்டியாக நிற்பவனின் வேகத்தைத் தன் கையாலேயே குறிக்க வேண்டும்!

ஊரில் அம்மாவிடம் போனில் சொன்னேன். நாலு வருஷப் படிப்பில் மூணு வருஷம் முடிந்ததும் அணிகள் தேர்ந்தெடுக்கலாம், நிறையப் பேர் படிப்பை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள் என்றதும், "அவங்கப்பன் என்ன பண்ணிட்டு இருந்தான்?" என்றார். மிச்சப் படிப்புக்கு அணியே பணம் தருவதாக ஒப்பந்தத்தில் எழுதி வாங்குகிறவர்களும் உண்டு என்று சொன்னபிறகுதான் கொஞ்சம் சமாதானம். உதாரணத்துக்கு பால் கோல்ட்ஷ்மிட் என்ற ஆட்டக்காரர் டெக்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்திலிருந்து 2009-ல் எட்டாவது சுற்றில் தேர்வானவர், பட்டத்தை 2013-ல் பீனிக்ஸ் பல்கலைக்கழகத்தில் முடித்தார், 2022-ல் மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகின் சிறந்த ஆட்டக்காரர். குமார் ராக்கர் பெயரைச் சொன்னபோது அம்மா நிமிர்ந்தது போனிலேயே தெரிந்தது. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துப் பையன், அவர் அம்மா இந்திய வம்சாவளி, டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணிக்காக எறிகிறார், அந்த அணியின் முகாமும் இங்கே சர்ப்ரைஸ் என்ற ஊரில்தான்.

ஆனால் அந்த உயரத்துக்குப் போகிறவர்கள் கொஞ்சம் பேர். சம்பளத்தைப் பார்த்தால் எனக்கு வயிறெரிகிறது. மேஜர் லீகுக்குக் கீழே உள்ள மைனர் லீகின் கீழ்மட்ட ஏ பிரிவில் 2023-க்கு முன் வருஷத்துக்குச் சுமார் 11,000 டாலர், தொழிற்சங்க ஒப்பந்தம் வந்தபிறகுதான் 26,200 ஆனது. பயிற்சி மாதத்துக்கு முன்பெல்லாம் பல காலம் சம்பளமே இருந்ததில்லை, சாப்பாட்டுப் படி மட்டும்தான். அதே 2023-ல் மேஜர் லீகில் குறைந்தபட்சமே 7,20,000 டாலர். இதைச் சகஜமாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

மார்ச் கடைசியில் ஆட்களைக் கழிப்பார்கள். காலையில் ஆபீசுக்குக் கூப்பிட்டால் முடிந்தது கதை. அயோவா அம்மாவின் பையனுக்கும் அப்படித்தான். மறுநாள் அவர் சாமான் கட்டும்போது, நான் கொண்டுபோன எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், பையன் மொன்டானா பக்கம் மேஜர் லீக் அணிகளுக்குச் சொந்தமில்லாத ஒரு சுயேச்சை லீக் அணியில் சேரப் பேசிக்கொண்டிருக்கிறானாம். எவ்வளவு தருவார்கள் என்று ஊரில் கேட்பதுபோலப் பட்டென்று கேட்டுவிட்டேன். இங்கே அப்படியெல்லாம் கேட்கக்கூடாதாம். அவர் சிரித்துவிட்டு, "இருப்பதிலேயே கம்மி, தங்க இடம் தருகிறார்கள்" என்றார், இன்னும் கொஞ்சம் சாதம் போட்டுக்கொண்டார்.