ஜோஜோஜி வாயிலும் கொட்டும் பனியும்: மர அச்சில் இதுவரை

பயிற்சிக்கு எடுத்த மூலம், ஜப்பானிய ஓவியர் கவாசே ஹாசுய் வரைந்து வாத்தனாபே ஷோசாபுரோ 1925-ல் பதிப்பித்த ஜோஜோஜி கோயில் அச்சு. டோக்கியோவில் 1622-ல் கட்டிய சிவப்பு வாயில், காற்றுக்கு எதிரே குடையைச் சாய்த்துப் போகும் பெண், ஒரு பைன் மரம். பனியெல்லாம் மை படாத வெறும் காகிதம். அந்த வெள்ளையைக் கெடாமல் காப்பதில்தான் பாதி உழைப்பு போகிறது.

பலகை 6 மி.மீ. ஷினா (ஜப்பானிய லிண்டன் மரம்) பிளைவுட். இரு பக்கமும் செதுக்கலாம்; மூன்று பலகையில் ஆறு முகம். ஜப்பானியக் கைவினைஞர்கள் எடுக்கும் மலைச்செர்ரி மரத்தில் இன்னும் மெல்லிய கோடு நிற்கும். ஷினாவில் அரை மி.மீ.க்குக் கீழே போனால் கோடு பிய்ந்து வந்துவிடும்.

முதலில் கோட்டுப் பலகை. கத்தியைக் கோட்டிலிருந்து வெளிப்புறமாகச் சரித்து வெட்ட வேண்டும். அடி அகலமாக இருந்தால்தான் கோடு அழுத்தம் தாங்கும். கென்டோ எனும் பொருத்துக்குறிகள் இரண்டு: வலது கீழ் மூலையில் ‘ட’ வடிவம், அதே கீழ் விளிம்பில் இடப்பக்கமாக நேர்க்கோடு. ஆழம் 1 மி.மீ. போதும். இந்தக் குறிகளையும் சேர்த்து மெல்லிய தாளில் அச்செடுத்து, அதை நிறப் பலகைகளில் கவிழ்த்து ஒட்டிச் செதுக்கினால் எல்லாப் பலகையும் ஒரே கணக்கில் நிற்கும்.

சிக்கல் விழும் பனியில்தான். ஒரு பனித்துளி இருக்கும் இடத்தில் எத்தனை நிறம் வருகிறதோ, அத்தனை பலகையிலும் அந்த இடத்தைத் தோண்டி எடுக்க வேண்டும். வாயிலின் சிவப்பை இரண்டு பலகையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடிக்கும்போது, இரண்டாவது சிவப்பு கால் மி.மீ. நகர்ந்தாலே துளியின் ஓரத்தில் நிறம் ஏறிவிடுகிறது. முதல் சிவப்பில் சரியான அளவும், இரண்டாவதில் ஒரு சுற்று பெரிதாகவும் தோண்டியபின் ஓரம் சுத்தமாக வந்தது.

காகிதம் கோசோ வாஷி, அதாவது மல்பெரி வகை மரப்பட்டை நாரில் செய்த ஜப்பானியக் காகிதம். வச்சிரமும் (விலங்குப் பசை) படிகாரமும் கலந்த டோசா எனும் கரைசலைப் பூசாவிட்டால் சிவப்பு நார் வழியே வெள்ளைக்குள் கசியும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் வச்சிரம், 10 கிராம் படிகாரம். வச்சிரத்தைக் கொதிக்க விடக்கூடாது, பசைத்தன்மை போய்விடும். படிகாரம் கூடினால் நாளடைவில் காகிதம் நொறுங்கும்.

அச்சிடுவதற்கு முந்தின இரவே காகிதத்தை ஈரச் செய்தித்தாள்களுக்கு இடையே அடுக்கி, பிளாஸ்டிக்கில் சுற்றிவைக்க வேண்டும். தொட்டால் குளிர்ச்சி தெரியலாம், பளபளப்பு தெரியக்கூடாது. நடுவில் காய்ந்தால் காகிதம் சுருங்கி, கென்டோ சரியாக இருந்தும் நிறம் விலகும். வேலை மறுநாளுக்குத் தள்ளினால் கட்டோடு ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியே வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

வாயில் சுவர் போன்ற பெரிய சிவப்புப் பரப்பில் எள் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளி வந்தால் பசை குறைவு, காகிதம் காய்ந்திருக்கிறது, அல்லது பாரென் (காகிதத்தின் முதுகில் வைத்துத் தேய்க்கும் வட்டத் திண்டு) அழுத்தம் போதவில்லை. வண்ணத்தோடு பட்டாணி அளவு அரிசிப் பசையைப் பலகையிலேயே வைத்துப் பிரஷ்ஷால் பரப்ப வேண்டும். ஓரத்தில் கரும் விளிம்பு கட்டினால் வண்ணம் அதிகம். அடர்த்தியாக ஒரே முறை அடிப்பதைவிட மெல்லியதாக இரண்டு முறை அடித்தால் சிவப்புக்கு ஆழம் கிடைக்கிறது.

வானத்தின் சாம்பல் இன்னும் பாக்கி. பலகையை ஈரத்துணியால் துடைத்து, பிரஷ்ஷின் ஒரு முனையில் மட்டும் வண்ணம் தொட்டு, குறுக்கே இழுத்து மங்கவைக்கும் பொகாஷி முறை அது. காகிதத்தின் ஈரம் காயாமல் இருக்கும்போதே அதையும் அடித்தாக வேண்டும்.