பேர்ண் வெங்காயச் சந்தைக்கு விடியமுன் போக வேண்டும்

நவம்பர் மாதத்தின் நாலாவது திங்கட்கிழமை பேர்ண் நகரத்தில் வெங்காயச் சந்தை. உள்ளூர்க்காரர் அதை 'ட்சிபெலெமெரிற்' என்பார்கள். சுவிஸுக்குப் புதிதாக வந்த நம்மவர்கள் பலர் வேலை முடிந்து பின்னேரம்தான் எட்டிப் பார்க்கிறார்கள். அந்த நேரம் மிஞ்சியிருப்பது கலர்க் கடதாசித் தூளும் சனநெரிசலும். வெங்காயத்தையும் அதை விளைவித்தவர்களையும் பார்க்க வேண்டுமானால் காலை 6 மணிக்கே அங்கு நிற்க வேண்டும். அதிகாலையில் விசேட ரயில்கள் ஓடும். பேர்ண் நிலையத்தில் இறங்கினால் வைசன்ஹவுஸ்பிளாட்ஸ், பேரன்பிளாட்ஸ், பாராளுமன்றத்துக்கு முன்னாலுள்ள புண்டெஸ்பிளாட்ஸ் எல்லாம் நடைதூரம். நகர மையத்து ட்ராமும் பஸ்ஸும் அன்று பாதை மாறும். அவற்றை நம்பிப் போகாதீர்கள்.

வருபவர்களில் முக்கியமானவர்கள் முர்ட்டன் ஏரியோரத்து வுல்லி, சேலாண்ட் பக்கத்துக் கமக்காரர்கள். 1405இல் பேர்ண் தீப்பற்றியபோது உதவிய அயல் நகரத்து ஃப்ரீபூர்க்காரருக்குப் பரிசாகக் கிடைத்த சந்தை உரிமை இது என்று சொல்வார்கள். அழகான கதை, அவ்வளவுதான். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், நவம்பரில் புனித மார்ட்டின் நாளையொட்டி நடந்த மார்ட்டினிச் சந்தைக் காலத்தில் வுல்லிப் பெண்கள் வெங்காயம் கொண்டுவந்து விற்றதிலிருந்துதான் இது வளர்ந்தது. இப்போது ஒரே நாளில் 50 தொன்னுக்கு மேல் வருகிறது.

அங்கு விற்கும் வெங்காயப் பின்னலைக் கையில் எடுத்துப் பாருங்கள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை வெங்காயங்களைத் தாள் காய்ந்தபின் ஒவ்வொன்றாகச் சேர்த்து இறுக்கி, இடையிடையே காய்ந்த பூக்களைச் செருகியிருப்பார்கள். யாழ்ப்பாணத்தில் வெங்காயம் செய்த குடும்பத்து ஆட்களுக்கு அந்த வேலையின் அருமை சொல்லாமலே விளங்கும். வாங்கும்போது பூவைப் பார்க்காமல் கழுத்தை அமத்திப் பாருங்கள். தாள் சேருமிடம் மெத்தென்று இருந்தால் உள்ளே ஈரம் நிற்கிறது. அந்த ஒன்று அழுகினால் பக்கத்திலுள்ளவையும் போகும். நடுவிலுள்ள வெங்காயங்களையும் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். சில்லறைக் காசு கொண்டு போனால் கடைக்காரருக்கும் சுகம். கறிக்குச் சின்ன வெங்காயம் தேடுபவர்கள் ஷலோட் இருக்கிறதா என்று கேளுங்கள். நம்முடைய சின்ன வெங்காயத்துக்கு நெருங்கிய சொந்தம் அது.

காலைச் சாப்பாடு வெங்காய கூகன், அதாவது மா அடியில் வெங்காயம், முட்டை, க்ரீம் ஊற்றி அவிக்காமல் சுட்ட பண்டம், சூடாக. அநேகமாகப் பன்றி இறைச்சித் துண்டு போட்டிருப்பார்கள், ஆகவே மரக்கறி சாப்பிடுபவர்கள் 'ஓனெ ஷ்பெக்' (பன்றி இறைச்சி இல்லாமல்) என்று கேட்டு வாங்க வேண்டும். சூடாக விற்கும் க்ளூவைனும் வைன்தான், பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். வீட்டில் கூகன் செய்பவர்களுக்கு அடிப்பகுதி நொசநொசவென்று வருவதற்குக் காரணம் வெங்காயத்துத் தண்ணீர். ஒரு கிலோ வெங்காயத்தை மெல்லியதாக அரிந்து, பட்டரில் சின்ன நெருப்பில் 20 நிமிடமாவது வதக்கி, நன்றாக ஆறவிட்ட பிறகே முட்டை, க்ரீம் கலவையோடு சேர்க்க வேண்டும். பொரித்துக் கருகவிட்டால் கசப்பு தட்டும். அவன் (oven) அடுப்பில் 220 பாகையில், கீழ்த்தட்டில் வைத்தால் மா நன்றாக வேகும்.

பின்னேரம் 4 மணியளவில் கடதாசித் தூள் சண்டை. பிள்ளைகளுக்கு நல்ல சந்தோஷம். ஆனால் நிலத்தில் கிடப்பதை அள்ளி எறிய விடாதீர்கள். அதில் மண்ணும் கல்லும் கலந்திருக்கும். புதுப் பை வாங்கிக் கொடுங்கள். முகத்துக்கு, வாய்க்கு நேரே எறிவது கூடாது. நனைந்த தூள் வழுக்கும், அடி பிடிக்கும் சப்பாத்து போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பின்னலை அடுப்புக்கு மேலே அலங்காரமாகத் தொங்கவிட்டால் சூட்டில் சீக்கிரம் முளைக்கும். பிளாஸ்டிக் பையில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். வெளிச்சமில்லாத, காற்றோட்டமுள்ள, குளிர்ந்த கெல்லர் எனும் நிலவறைதான் சரியான இடம். தேவையானதைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுங்கள், இழுத்தால் பின்னல் குலைந்துவிடும்.