ஆற்காடு சாலையில் மெட்ரோ: சுற்றுச்சூழல் அறிக்கையில் தொடங்கி டெண்டர் வரை

வளசரவாக்கத்தில் ஆற்காடு சாலையை ஒட்டிய ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறேன். குடியிருப்போர் சங்கச் செயலாளராக நான் இருந்த காலத்தில்தான் சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கான ஆய்வுகள் எங்கள் சாலைக்கு வந்தன. சுற்றுச்சூழல் அறிக்கை, கடைகள் கணக்கெடுப்பு, கருத்துக் கேட்பு, டெண்டர் என்று ஒவ்வொரு கட்டத்தையும் பக்கத்தில் இருந்து பார்த்தேன். உங்கள் சாலைக்கும் இப்படி ஒரு திட்டம் வந்தால், எங்கே, எப்போது பேச வேண்டும் என்று தெரிந்திருப்பது நல்லது. அதற்காகவே எழுதுகிறேன்.

முதலில் திட்டம். இரண்டாம் கட்டம் மூன்று வழித்தடங்கள், மொத்தம் 118.9 கி.மீ. எங்கள் வழியே போவது கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி பைபாஸ் வரையிலான 4-ஆம் வழித்தடம், 26.1 கி.மீ. கோடம்பாக்கம் வரை சுரங்கம், அதற்கு மேற்கே உயர்த்தப்பட்ட பாதை. ஆழ்வார்திருநகர் முதல் ஆலப்பாக்கம் வரை மாதவரம்–சோழிங்கநல்லூர் வழித்தடமும் இதே சாலைக்கு வந்துவிடுகிறது. அதனால் அந்தப் பகுதியில் ஒரே தூண் வரிசையில் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு ரயில் பாதைகள். ஆற்காடு சாலையில் மாலை ஏழு மணிக்கு ஒரு முறையாவது மாட்டியவர்களுக்கு இதன் பொருள் புரியும். இருபுறமும் கடைகள், நடுவில் பேருந்தும் ஷேர் ஆட்டோவும். அந்த அகலத்துக்குள்தான் இந்தத் தூண்கள் அத்தனையும் நிற்க வேண்டும்.

இந்தச் சாலைக்கு ரயில் வேண்டும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. முன்பு பூந்தமல்லி–கத்திப்பாரா, போரூர்–வடபழனி மோனோ ரயில் என்று பல ஆண்டுகள் பேச்சு ஓடி அது நின்றுபோனது. இந்த முறையாவது வந்துவிட வேண்டும் என்று நினைத்தவர்களே எங்கள் தெருவில் அதிகம். ஆனால் கட்டுகிற வருடங்களை நாங்கள் எப்படிக் கடப்பது, கட்டிய பிறகு எப்படித் தூங்குவது என்ற கேள்விகளுக்கு யாரோ ஒருவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும் இல்லையா?

சங்கக் கூட்டத்தில் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "கலெக்டர் தலைமையில் பொதுமக்கள் கருத்துக் கேட்பு எப்போ?" என்பது. பெரிய தேசிய நெடுஞ்சாலைக்கும் துறைமுகத்துக்கும் அப்படித்தான் நடக்கும். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 30 நாள் முன்னறிவிப்பு கொடுத்து, மாவட்ட ஆட்சியர் அல்லது அவர் நியமிக்கும் அதிகாரி தலைமையில் கூட்டத்தை நடத்தி, முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும். ஆனால் அந்த அறிவிக்கையின் பட்டியலில் ரயில் திட்டங்களே இல்லை. மெட்ரோவும் ரயில் திட்டம்தான், அதனால் அதுவும் பட்டியலில் இல்லை. ஆகவே சுற்றுச்சூழல் அனுமதி என்ற படியும், அதோடு வரும் கட்டாயக் கூட்டமும் மெட்ரோ பாதைக்குக் கிடையாது. இது தெரியாமல் பலர் அந்தக் கூட்டத்துக்காகக் காத்திருந்து நேரத்தை இழக்கிறார்கள்.

அப்படியானால் சுற்றுச்சூழல் அறிக்கை எதற்கு? கடன் கொடுப்பவர்களுக்காக. இரண்டாம் கட்டத்துக்கு ஜப்பான் அரசின் கடனுதவி அமைப்பான ஜைக்கா, ஆசிய வளர்ச்சி வங்கி, ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி, புதிய வளர்ச்சி வங்கி ஆகிய நான்கும் பகுதி பகுதியாகக் கடன் தருகின்றன. தாக்க மதிப்பீடு செய், பாதிக்கப்படுவோரிடம் கேள், அறிக்கையை வெளியிடு என்று இவர்களின் கொள்கைகள் சொல்கின்றன. அப்போது நடைமுறையில் இருந்த ஆசிய வளர்ச்சி வங்கியின் 2009-ஆம் ஆண்டுக் கொள்கைப்படி, பெரிய தாக்கம் உள்ள திட்டமானால் வங்கியின் வாரியம் ஒப்புதல் தருவதற்கு 120 நாள் முன்பே வரைவு அறிக்கை பொதுவெளியில் இருக்க வேண்டியிருந்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அறிவிப்பை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தால் இது கண்ணில் படாமலே போய்விடும். கடன் தரும் வங்கியின் இணையதளத்தில் திட்டத்தின் பெயரைப் போட்டுத் தேட வேண்டும். எந்தப் பகுதிக்கு எந்த வங்கி என்று தெரிந்துகொள்வது முதல் வேலை.

அறிக்கை முழுக்க ஆங்கிலத்தில், நூற்றுக்கணக்கான பக்கம். எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை. மண் வகை, மழை அளவு, சென்னையின் மக்கள்தொகை எல்லாம் எந்த அறிக்கையிலும் இருக்கும். மாற்று வழிகளை ஒப்பிடும் அத்தியாயம், தற்போதைய நிலை அளவீடுகள், சுற்றுச்சூழல் மேலாண்மைத் திட்டம் என்ற அட்டவணை, இந்த மூன்றையும் ஒரு வரி விடாமல் படியுங்கள். என் அனுபவத்தில் அட்டவணைதான் உயிர். ஒவ்வொரு பாதிப்புக்கும் என்ன செய்வார்கள், எந்த இடத்தில், யார் பொறுப்பு, எத்தனை நாளுக்கு ஒருமுறை சோதிப்பார்கள், செலவு எந்தக் கணக்கில் என்று கட்டம் கட்டமாக இருக்கும். எந்தக் கட்டம் மொட்டையாக இருக்கிறதோ அங்கேதான் நாம் பேச வேண்டியிருக்கும்.

இரைச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். குடியிருப்புப் பகுதிக்கு அரசு வைத்திருக்கும் வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45. வணிகப் பகுதிக்கு 65, 55. ஆற்காடு சாலையில் எந்த இடத்தில் கருவியை வைத்தாலும் இந்த அளவுகள் ஏற்கெனவே தாண்டிப்போயிருக்கும். அதனால், "இப்போதே இரைச்சல் அதிகம், ரயிலால் கூடுவது கொஞ்சம்தான்" என்ற முடிவுக்கு அறிக்கை எளிதாக வந்துவிட முடியும். வழக்கமாக அளப்பது தரை மட்டத்தில். பாதை போவதோ எங்கள் மாடி ஜன்னல்களின் உயரத்தில். தரையில் பேருந்தின் ஹார்ன் எல்லாவற்றையும் மூடிவிடும். மேலே, இரவு பத்து மணிக்குப் பிறகு, நிலைமை வேறு. எங்கள் கட்டடத்திலேயே இருக்கும் ஓய்வுபெற்ற ஒலிப்பதிவுப் பொறியாளர் ஒருவர்தான் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார். ஆகவே "சத்தம் அதிகமாகும்" என்று எழுதாமல், "மூன்றாம் மாடி உயரத்தில், இரவு நேரத்தில், எங்கள் கட்டடத்தின் சாலைப் பக்கச் சுவரருகே ஓர் அளவீட்டுப் புள்ளி வேண்டும்" என்று எழுதினோம்.

மழைநீரும் அப்படியே. வடகிழக்குப் பருவமழையில் எங்கள் சாலையில் தண்ணீர் நிற்பது ஊரறிந்த விஷயம். நடுவில் பேரிகேட் போட்டு, தூண் அடித்தளத்துக்குப் பள்ளம் தோண்டினால் குறுக்கே போகும் வடிகால் என்ன ஆகும்? முந்தைய வருடத்து மழையில் தண்ணீர் ஏறிய இடங்களின் படங்களைத் தெருவில் எல்லோரிடமும் கேட்டு வாங்கினோம். ஒவ்வொன்றுக்கும் விளக்குக் கம்பத்தின் எண்ணைக் குறித்தோம். அறிக்கையில் எல்லா இடமும் செயினேஜ் கணக்கில், அதாவது பாதையின் தொடக்கத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று இருக்கும். வரைபடத்தோடு ஒப்பிட்டு அந்தக் கணக்கையும் பக்கத்தில் எழுதினோம். கொஞ்சம் சிரமம்தான், ஆனால் படிக்கிற பொறியாளர் நேராக அந்த இடத்துக்குப் போய்விடலாம்.

இதற்கிடையில் கடைகளின் கணக்கெடுப்பு தொடங்கியது. நிலம் எடுப்பது தமிழ்நாட்டின் 1997-ஆம் ஆண்டுத் தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டத்தின் கீழ். அது உரிமையாளர்களோடு பேசும் சட்டம். வாடகைக்குக் கடை நடத்துபவரைப் பற்றிய ஏற்பாடு, கடன் தரும் வங்கிகளின் மறுவாழ்வுக் கொள்கையிலிருந்து வருகிறது. நிலம் தன் பெயரில் இல்லாதவருக்கும் வாழ்வாதார இழப்புக்கு உதவி உண்டு என்பது அதில் அடிப்படை. ஆனால் அவர்களுக்குக் கணக்கெடுப்புதான் கெடு. அந்தப் பட்டியலில் பெயர் இல்லையென்றால் பிறகு நிரூபிப்பது பெரும்பாடு.

எங்கள் கட்டடத்துக்கு எதிரே மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி முதலில் ஒதுங்கியே இருந்தார்.

"கட்டடம் ஓனருது சார். அவரு பேசிக்குவாரு."

"அண்ணாச்சி, கட்டடத்துக்கு அவர் பேசுவார். வியாபாரம் நிக்கிற மாசத்துக்கு யார் பேசுவா? கடை உங்களுதுதானே."

மறுநாளே வாடகை ஒப்பந்தம், மாநகராட்சித் தொழில் உரிமம், மின் கட்டண ரசீதுகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். பக்கத்துக் கடைகளுக்கும் அவரே போய்ச் சொன்னார். நான் சொன்னால் கேட்காதவர்கள் அவர் சொன்னதும் கேட்டார்கள். நடைபாதையில் பூ விற்கும் அக்கா, கணக்கெடுக்க வந்த அன்று ஊரில் இல்லை. 2014-ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி வழங்கிய அடையாள அட்டை அவரிடம் இருந்தது. அதை வைத்து, கணக்கெடுப்பு முடிவதற்குள் மனு கொடுத்துப் பெயரைச் சேர்க்க வைத்தோம். அந்த அட்டை இல்லாத இன்னும் சிலருக்கு இதைச் செய்ய முடியவில்லை. அது இன்றும் என்னை உறுத்துகிறது. இந்த மாதிரித் திட்டங்களில் யாருக்குக் காகிதம் குறைவோ அவர்களைத்தான் முதலில் போய்ப் பார்க்க வேண்டும்.

கலெக்டர் கூட்டம் இல்லையென்றாலும், வங்கிகளின் கொள்கைப்படி நடந்த கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு நிறையப் பேர் வந்திருந்தார்கள். பெரும்பாலான நேரம் "எப்போ முடிப்பீங்க?", "பார்க்கிங் எங்கே?" என்பதிலேயே போனது. கோபமாகப் பேசியவர்களின் கோபம் நியாயமானதுதான். ஆனால் கூட்டக் குறிப்பில் "பொதுமக்கள் போக்குவரத்து நெரிசல் குறித்துக் கவலை தெரிவித்தனர்" என்ற ஒரே வரியில் அது அடங்கிவிடும். நாங்கள் பேசியது கொஞ்சம். ஒவ்வொரு கோரிக்கையையும் இடம், பாதிப்பு, வேண்டிய நடவடிக்கை என்று எழுதி, தமிழிலும் ஆங்கிலத்திலும் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொண்டோம். இறுதி அறிக்கையின் பின்னிணைப்பில் வருகைப் பதிவு, படங்கள், கேள்வி பதில் அட்டவணை எல்லாம் வரும். அங்கே உங்கள் கேள்வி இருக்கிறதா, பதில் "கவனத்தில் கொள்ளப்படும்" என்று நிற்கிறதா, நடவடிக்கையாக மாறியிருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் தெருமுனைக் குறுக்கு வடிகால், மழைக்கு முன் சோதிக்க வேண்டிய இடமாக அட்டவணைக்குள் வந்திருந்தது. மரங்கள் பற்றிக் கேட்டதற்கு, வெட்டும் மரங்களுக்கு ஈடாகக் கன்று நடுவது என்ற பொதுவான பதில்தான் கிடைத்தது.

பலர் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அறிக்கையில் எழுதியது கான்ட்ராக்டரைக் கட்டுப்படுத்த வேண்டுமென்றால் அது டெண்டர் ஆவணத்தில் இருக்க வேண்டும். லாரிச் சக்கரம் கழுவும் தொட்டி, தூசிக்குத் தண்ணீர் தெளிப்பு, வடிகால் தூர்வாருவது, இரைச்சல் அளவீடு எல்லாவற்றுக்கும் விலைப் பட்டியலில் வரி இருந்தால், செய்யாதபோது பணத்தை நிறுத்தலாம். "கான்ட்ராக்டர் தன் செலவில் செய்ய வேண்டும்" என்று மட்டும் இருந்தால், அதைச் செய்ய வைப்பது தினமும் ஒரு சண்டை. டெண்டர் ஆவணங்கள் இணையத்தில் வெளியாகும்போது இறக்கி, மேலாண்மைத் திட்டம் இணைப்பாக இருக்கிறதா, எங்கள் வடிகால் அதில் இருக்கிறதா என்று சரிபார்த்தோம். டெண்டருக்குப் பின் கேட்கும் எதுவும் கூடுதல் செலவு, கூடுதல் கோப்பு. ஆகவே உங்கள் முழு உழைப்பையும் டெண்டருக்கு முன்னால் போடுங்கள்.

அப்புறம் ஒரு வேலை, சிறியதுதான், விட்டுவிடக் கூடாது. பைலிங், அதாவது தூண் அடித்தளத்துக்காக நிலத்தில் ஆழமாகத் துளையிடும் வேலை, தொடங்கும் முன் சாலையோரக் கட்டடங்களின் நிலையைப் படம் எடுத்துப் பதிவு செய்வார்கள். அந்த நேரத்தில் வீட்டில் இருங்கள். ஏற்கெனவே இருக்கும் விரிசலை மறைக்காமல் காட்டுங்கள். பக்கத்தில் ஸ்கேல் வைத்து நீங்களும் தேதியோடு படம் எடுங்கள். பதிவின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பிறகு புதிதாக விரிசல் வந்தால் பேச்சு அந்தக் காகிதத்திலிருந்துதான் தொடங்கும்.

வேலை நடந்த காலத்தில் புகார்களைத் தொலைபேசியில் மட்டும் சொல்லாமல் தளத்தில் உள்ள குறைதீர் பதிவேட்டில் எழுதச் சொல்லி எண் வாங்கினோம். கடன் தரும் வங்கிகளுக்கும் தனிக் குறைதீர் அமைப்புகள் உண்டு. ஆனால் திட்ட அளவில் முதலில் முயன்றதற்குச் சான்று கேட்பார்கள். அந்த எண்தான் சான்று. எங்களுக்கு அதுவரை போகத் தேவைப்படவில்லை.

அளவீட்டுப் புள்ளி விஷயம் இன்னும் முடியவில்லை. ரயில் ஓடத் தொடங்கிய பிறகான இரைச்சல் கண்காணிப்பும் மேலாண்மைத் திட்டத்தில் ஒரு பகுதி. எங்கள் மூன்றாம் மாடியை அதில் சேர்க்கச் சொல்லி மறுபடியும் எழுதியிருக்கிறோம். ஒப்பிடுவதற்கு, ரயில் வருவதற்கு முன்பிருந்த இரவு நேர அளவுகளை எங்கள் ஒலிப்பதிவுப் பொறியாளர் தன் கருவியில் எடுத்து வைத்திருக்கிறார். புதிய செயலாளரிடம் கோப்பைக் கொடுத்தபோது அதையும் உள்ளே வைத்துத்தான் கொடுத்தேன்.