ஊதித் திறக்கக் கூடாத உறை

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுத்தான் தடய அறிவியல் முதுகலை படிக்க வந்தேன். அதனால் தடயங்களைப் பொதிவது என்ற பாடத்தைப் பார்த்து எனக்குப் பயமே இல்லை. முதல் செய்முறைத் தேர்வில் ஐம்பதுக்குப் பத்தொன்பது வாங்கியது அந்தத் தைரியத்தால்தான்.

மேசைமேல் ஐந்து பொருள்கள். ஈரம் காயாத இரத்தக்கறையுடன் ஒரு சட்டை, ஒரு கத்தி, நான்கைந்து தலைமுடி, கண்ணாடிச் சில்லுகள், மண்ணெண்ணெய் வாடை வீசும் கரிக்கட்டை. நேரம் நாற்பது நிமிடம். சட்டையைக் கம்பெனியில் மடிப்பதுபோல் நறுவிசாக மடித்தேன். ஒட்டிக்கொண்டிருந்த பாலித்தீன் கவரின் வாயைப் பிரிக்க ‘ப்பூ’ என்று ஊதினேன். உள்ளே தள்ளி ஒட்டினேன். தேர்வாளர் அருகில் வந்து, “ஏம்மா, இது தடயமா, ஏற்றுமதிச் சரக்கா?” என்றார்.

சட்டையை மடித்ததில் முன்பக்கத்துக் கறை முதுகுப்பக்கத்திலும் ஒட்டிவிட்டது. கறை எந்தத் திசையிலிருந்து தெறித்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஊதியதில் என் எச்சில் உள்ளே போயிற்று, டி.என்.ஏ. பரிசோதனையில் நானும் ஓர் ஆளாக வந்து நிற்பேன். இவை இரண்டும் அவர் சொன்னதுமே புரிந்தன. பாலித்தீனில் என்ன தவறு என்பதுதான், புத்தகத்தில் மூன்று பக்கம் படித்திருந்தும், எனக்கு உறைக்கவில்லை.

வீட்டில் செய்து பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் ஆட்டு இரத்தம் வாங்கி, அப்பாவின் பழைய வேட்டியில் கிழித்த இரண்டு துண்டுகளில் ஊற்றினேன். ஒன்றை அப்படியே பாலித்தீன் கவரில் கட்டினேன். மற்றொன்றை அடியில் காகிதம் விரித்து நிழலில் உலர்த்தி, காகித உறையில் போட்டேன். ஐந்தாம் நாள் கவரைப் பிரித்ததும் அம்மிச்சி திண்ணையைவிட்டு எழுந்தே போய்விட்டார். துணியெங்கும் பூசணம், கறையின் விளிம்பே தெரியவில்லை. காகித உறையில் இருந்த துண்டு கருஞ்சிவப்பாக, மொடமொடவென்று, போட்டபடியே இருந்தது. “முருங்கைக்கீரையை ஈரத்தோடு யாராவது கட்டி வைப்பார்களா கண்ணு?” என்று தூரத்திலிருந்தே கேட்டார் அம்மிச்சி. பொடிக்கு வைக்கும் கீரையை நிழலில்தான் உலர்த்த வேண்டும், வெயிலில் போட்டால் வெளுத்துவிடும் என்பது அவர் கணக்கு. கறைத்துணிக்கும் அதே கணக்குதான். நிழலும் காற்றும் போதும். வெயிலும் சூட்டுக்காற்றும் ஆகாது. அடியில் விரித்த காகிதத்தையும் எறிந்துவிடாதீர்கள். உதிர்ந்த முடியும் நூலும் அதில்தான் கிடக்கும். அதையும் மடித்துத் தனியாக உறையிட வேண்டும்.

அதற்குப் பிறகு, எந்தப் பொருளுக்கு எந்த உறை என்ற அட்டவணையை மனப்பாடம் செய்வதை விட்டேன். இந்தப் பொருள் எதனால் கெடும் என்று கேட்டுக்கொண்டால் உறை தானாக வந்துவிடுகிறது. இரத்தத்துணிக்குக் காற்றோட்டம் வேண்டும். கரிக்கட்டைக்கு நேர் எதிர்: அதில் ஒட்டியிருக்கும் எண்ணெயாவி பறந்துவிடக் கூடாது. சாதாரண பாலித்தீன் வழியாக அந்த ஆவி கசிந்துவிடும் என்பதால், காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் அடைக்கும் டின் மாதிரி இறுக மூடும் தகர டின் வேண்டும். அதுவும் புத்தம் புதியது. விளிம்புவரை நிரப்பாமல் மேலே கொஞ்சம் இடம் விடுங்கள். ஆய்வகத்தில் அந்த இடத்திலுள்ள ஆவியைத்தான் எடுத்துச் சோதிப்பார்கள். கத்தி உரசலால் கெடும். அலகு எதிலும் படாதபடி அட்டைப்பெட்டியில் பிடியையும் நுனியையும் கட்டி அசையாமல் நிறுத்த வேண்டும். முடிக்கு மருதமலையில் திருநீறு மடித்துத் தருகிறார்களே, அந்தப் பொட்டலம் போதும். வெள்ளைத்தாளில் பத்துமுறை மடித்துப் பழகுங்கள். தேர்வில் பலரும் கோட்டை விடுவது இங்கேதான். உறையின் பசையை நாக்கால் நனைப்பதும் ஸ்டேப்ளர் அடிப்பதும் வேண்டாம்.

வாய்மொழித் தேர்வில், தடய அறிவியலின் முன்னோடியான லோகார்டு 1910இல் பிரான்சின் லியோனில் ஆய்வகம் தொடங்கியதை எல்லோரும் ஒப்பிக்கிறார்கள், கேட்பவருக்கே அலுத்திருக்கும். என்னிடம் கேட்டது, மகஜரில், அதாவது சம்பவ இடத்தில் கண்டதையும் கைப்பற்றியதையும் சாட்சிகள் முன் எழுதும் பதிவில், “இரத்தக்கறை படிந்த மண், சாதாரண மண்” என்று இரண்டு எழுதுகிறார்களே, சாதாரண மண் எதற்கு என்று. பக்கத்திலேயே எடுத்த கறையில்லாத மண்ணைச் சோதித்தால்தான், முதல் மண்ணில் தெரிவது இரத்தத்தால் வந்ததா, அந்த இடத்து மண்ணிலேயே உள்ளதா என்று பிரிக்க முடியும். பூச்சிமருந்து குடித்து இறந்தவரின் உள்ளுறுப்புகளை ஏன், திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் போடாமல், இனி உப்பு கரையாத அளவுக்குத் தெவிட்டிய உப்புக் கரைசலில் போடுகிறோம் என்பது அடுத்தது. ஃபார்மலின் திசுவை இறுக்கிவிடும். அதிலிருந்து நஞ்சைப் பிரித்தெடுப்பது கடினம்.

சட்டப் பகுதிக்கு இரண்டு பிரிவுகளை எண்ணோடு வைத்துக்கொள்ளுங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 1.7.2024 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில், சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி, ஒளிப்பதிவு செய்யச் சொல்வது 105. ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றமானால் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வரவேண்டும் என்பது 176(3).

சீலைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். தாராபுரத்தில் கட்டிய பொட்டலம் நீதிமன்றம் வழியாகக் கோவை வட்டார ஆய்வகத்தை அடைவதற்குள் எத்தனையோ கை மாறும். வழக்கு எண், பொருள் எண், இடம், தேதி, நேரம், எடுத்தவர் பெயர் எல்லாவற்றையும் உறையில் முதலிலேயே எழுதிவிட்டுப் பிறகு பொருளைப் போடுங்கள். போட்ட பிறகு மேலே அழுத்தி எழுதினால் கண்ணாடிச் சில்லு உள்ளே நொறுங்கும். கையெழுத்து பாதி உறையிலும் பாதி ஒட்டிலும் விழ வேண்டும். அரக்கு முத்திரையின் மாதிரியும் கூடவே போக வேண்டும்.

இறுதிச் செய்முறைத் தேர்வில் கவர் ஒன்று மறுபடியும் வாய் ஒட்டிக்கொண்டிருந்தது. உதடு குவிந்தேவிட்டது. அப்படியே நிறுத்தி, விரலால் தேய்த்துத் திறந்தேன். ஐம்பதுக்கு நாற்பத்துமூன்று. கழித்த ஏழில் நான்கு, கத்தியைத் தொட்ட கையுறையோடு முடியை எடுத்ததற்கு. ஐந்து பொருள் என்றால் ஐந்து ஜோடி கையுறை வேண்டும். வியர்வையில் கிழியும் என்பதால் ஏழு ஜோடியாக எடுத்துப் போங்கள்.