ரப்பர் மூடி

பங்குனி ஆமை என்கிற கடலாமையின் ரத்தத்தில் ஈயம், காட்மியம் மாதிரி உலோகங்கள் எவ்வளவு என்று பார்ப்பதுதான் என் ஆய்வு. அந்த ஆமை 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது உச்சப் பாதுகாப்பில், இருக்கிறது. சொட்டு ரத்தம் எடுக்கவும் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். அந்தக் கடிதத்துக்காகப் பட்ட பாட்டைத் தனியாகத்தான் எழுதணும். அது கைக்கு வந்தபோது தை பிறந்து, ஆமைகளும் கரையேறத் தொடங்கிவிட்டன.

நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ராத்திரி நடை. பல நாள் வெறும் மணல்தான். ஒருநாள் ரெண்டு மணிக்குக் கூட வந்த மீனவர் அண்ணன் சட்டென்று நின்றார். "தம்பி, தடம் ஏறியிருக்கு, எறங்கல. மேலதான் இருக்கா."

முட்டையிட்டு முடிக்கும்வரை தள்ளியே உட்கார்ந்திருந்தோம். குழியை மூடிவிட்டு, உடம்பைத் தூக்கித் தூக்கிப் போட்டு மணலைக் குத்துவாள். அதன்பிறகுதான் எங்கள் முறை. அண்ணன் முதுகு ஓட்டைப் பிடித்துக்கொள்ள, கழுத்தை ஆல்கஹாலால் மணல் போகத் துடைத்தேன். மணலிலும் உலோகம் உண்டே. நடுக்கோட்டுக்குச் சற்றுப் பக்கத்தில் ஊசி. சிவப்பு வெளிச்சத்தில் ரத்தம் ஏறுவது சரியாகத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். நாற்பது கிலோ உடம்புக்கு 5 மில்லி பெரிய இழப்பில்லை. ரத்தம் உறையாமலிருக்க ஹெபாரின் மருந்து தடவிய குழாய், ஐஸ் பெட்டி, அவ்வளவுதான்.

உடம்புக்குள் போன உலோகத்தில் ரத்தம் சமீபத்துக் கதையைத்தான் சொல்லும். பழைய பாக்கியெல்லாம் ஈரலிலும் சிறுநீரகத்திலும் கிடக்கும்.

ஆய்வகத்தில் ரத்தத்தை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து ஐசிபி-எம்எஸ் கருவிக்குக் கொடுத்தோம். அணுக்களை நிறை வாரியாகப் பிரித்து எண்ணும் கருவி அது. ஆர்சனிக்தான் படுத்தியது. ரத்தத்து உப்பிலுள்ள குளோரினும் கருவியில் ஓடும் ஆர்கான் வாயுவும் ஒட்டிக்கொண்டு, ஆர்சனிக்கின் அதே 75 நிறையில் வந்து நிற்கும். கருவிக்குள் ஹீலியம் வாயு விட்டுத்தான் அந்த வேஷத்தைக் கலைக்க முடிந்தது.

துத்தநாகம் முதல் மூன்று ஆமைக்கும் எகிறியது. மனசுக்குள் கட்டுரைக்குத் தலைப்பே வைத்துவிட்டேன். வழிகாட்டி ஒரே கேள்விதான் கேட்டார்: "பிளாங்க் எங்கே?" அதாவது அதே ஊசி, அதே குழாய், ரத்தத்துக்குப் பதில் சுத்த நீர். செய்து பார்த்தால் தண்ணீரிலும் துத்தநாகம்! குழாயின் ரப்பர் மூடியிலிருந்து கசிந்திருக்கிறது. உலோகச் சோதனைக்கென்றே கருநீல மூடிக் குழாய் விற்கிறார்கள். விலையைப் பார்த்து வேண்டாமென்றவன் நான்தான்.

மூன்று துத்தநாக எண்களையும் அடித்துவிட்டேன். ஈயமும் காட்மியமும் பிளாங்கில் சுத்தமாக இருந்ததால் தப்பித்தன.

மாசிக் கடைசியில் நாலாவது ஆமை. மணலில் குந்தி, முதலில் தண்ணீரை ஊசியில் இழுத்துக் கருநீல மூடிக் குழாயில் நிரப்பினேன்.

"அவ கெளம்பப் போறா, நீ தண்ணிய இழுத்துக்கிட்டு இருக்கியே" என்றார் அண்ணன்.