போலோ ஜிடி டிஎஸ்ஐ: கம்பெனி வீலிலேயே 195/60 டயர்

என் ஃபோக்ஸ்வாகன் போலோ காருக்கு அகலம் கூடின டயர் போட்டு, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவையும் ஏறி இறங்கியாச்சு, டயர் எங்கேயும் உரசவில்லை. கம்பெனி அலாய் வீலை மாற்றாமலே, 185/60 ஆர்15 இருந்த இடத்தில் 195/60 ஆர்15 உட்கார்ந்துவிட்டது. (முதல் எண் டயரின் அகலம் மில்லிமீட்டரில், அடுத்தது சைடுவால் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் வீலின் இன்ச்.)

வண்டி ஆரம்பகால 1.2 ஜிடி டிஎஸ்ஐ. 105 பிஎஸ் பவர், 175 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சுழற்றும் விசை. அந்த டார்க் மொத்தமும் 1,500 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடும். மழை ஈரத்தில் கொஞ்சம் அழுத்தி மிதித்தால் போதும், முன் சக்கரம் சுற்றும், வண்டி வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் ஈஎஸ்பியின் விளக்கு மினுக்கும். இப்படி ஓர் இன்ஜினைக் கொடுத்துவிட்டு 185 டயரை மாட்டி அனுப்பியது எனக்கு ஆறாத வருத்தம். பிற்பாடு கம்பெனியே 16 இன்ச் வீலில் 195/55 கொடுத்தது. அந்த வீல் செட்டைத் தேடலாமா என்று யோசித்தேன். ஆனால் நம்ம ஊர்க் குழிகளுக்கு 15 இன்ச் வீலும் உயரமான சைடுவாலும்தான் சரி.

205 பக்கம் நான் போகவில்லை. 205/60 போட்டால் விட்டம் 4 சதவீதம் கூடிவிடும். 205/55 கணக்குக்குப் பொருந்தும், ஆனால் எல்லாக் கடையிலும் கிடைக்கிற அளவு இல்லை. 195/60க்கு விட்டம் 603லிருந்து 615 மில்லிமீட்டர், 2 சதவீதம்தான் கூடுதல். டயர் தாங்கும் எடையைச் சொல்லும் லோடு இண்டெக்ஸும் 84லிருந்து 88க்கு ஏறுகிறது, அதாவது டயருக்கு 500 கிலோ தாங்கியது 560 ஆகிறது. 6ஜே ரிம், அதாவது 6 இன்ச் அகல ரிம், இந்த அளவுக்கு அச்சாகப் பொருந்தும். டயர் காண்டினென்டல் யுசி6, 88வி (88 லோடு இண்டெக்ஸ், வி வேகக் குறியீடு).

இனி முக்கியமான வேலை: இடைவெளி. டயர் 10 மில்லிமீட்டர் அகலம் கூடுதல் என்று மட்டும் பார்த்தால் போதாது. ஆரமும் 6 மில்லிமீட்டர் கூடுகிறது. ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து, சஸ்பென்ஷனும் அமுங்கும்போதுதான் உண்மை தெரியும். அதனால் நாலையும் ஒரேயடியாக ஏற்ற வேண்டாம் என்று கடைக்கார அண்ணனிடம் பேசி, முதலில் முன் இடது சக்கரத்துக்கு மட்டும் போடச் சொன்னேன். பசங்க பொம்மை செய்யும் களிமண்ணைச் சுண்டுவிரல் கனத்துக்கு உருட்டி, சஸ்பென்ஷன் ஸ்ட்ரட்டின் உள்பக்கம், சக்கரத்துக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் உறையான ஃபெண்டர் லைனரின் முன்பின் ஓரங்கள், மட்ஃபிளாப் போல்ட்டின் மேல் என்று ஒட்டினேன். பிறகு கடை வாசலிலேயே முழு லாக்கில் இரண்டு பக்கமும் வட்டமடித்து, ரிவர்ஸும் எடுத்து, ஒரு சக்கரத்தைத் திண்டின் மேல் ஏற்றி இறக்கினேன்.

ஸ்ட்ரட்டில் இருந்த களிமண் ஒட்டினபடியே இருந்தது. லைனரிலும் அப்படித்தான். மட்ஃபிளாப் போல்ட் மேல் இருந்தது மட்டும் வழித்து எடுத்த மாதிரி போயிருந்தது, ஓரத்தில் ரப்பர் கறுப்பு. மட்ஃபிளாப் வெளியே வாங்கி மாட்டினது. அதோடு வந்த போல்ட் தேவைக்கு மேல் நீளம், முனை உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. 185க்கு அது எட்டவே இல்லை. தலை தட்டையான குட்டை ஸ்க்ரூவாக மாற்றி, மறுபடி களிமண் ஒட்டி ஓட்டினேன், சுத்தம். உரசினால் டயர்தான் பெரிசு என்று எல்லோரும் டயரையே பழி சொல்வார்கள். முதலில் மட்ஃபிளாப்பைக் கழற்றிப் பாருங்கள்.

டயர் வாங்கும்போது சைடுவாலில் டிஓடி எண்ணின் கடைசி 4 இலக்கத்தைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். அதில் முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரம், அடுத்த இரண்டு இலக்கம் வருஷம். நான் முதலில் கேட்ட ஒரு கடையில் பழைய ஸ்டாக்கைத் தள்ளிவிடப் பார்த்தார்கள். "ஏசி ரூம்லதான் சார் இருந்துச்சு" என்று வேறு சமாதானம். வாங்கின கடையில் கேட்காமலே எண்ணைக் காட்டினார்கள். ரப்பர் வால்வும் நாலும் புதுசு.

ஓட்டம் எப்படி? ஈரத்தில் ஈஎஸ்பி விளக்கு மினுக்குவது நன்றாகக் குறைந்துவிட்டது. காரவள்ளியிலிருந்து மேலே ஏறும்போது வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டர் கொடுத்தாலும் மூக்கு வெளியே தள்ளவில்லை. இழப்பும் உண்டு: முதல் கியர் கிளம்பல் துளி மந்தம், ஓடோமீட்டர் 1,000 காட்டும்போது வண்டி ஓடியது 1,020 கிலோமீட்டர். ஸ்பீடோமீட்டர் முன்பு கூடுதலாகக் காட்டும், இப்போது ஜிபிஎஸ்ஸுக்கு இன்னும் கிட்ட வந்துவிட்டது. காற்று 33 பிஎஸ்ஐயில் வைத்திருக்கிறேன்.

இந்தப் பிடிமானத்துக்கு முன் பிரேக் பேட் அடுத்தது. கோயம்புத்தூரில் ஒருத்தரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், வந்ததும் எழுதுகிறேன். அதற்குள் ஸ்டெப்னியை முடிக்கணும், அது இன்னும் பழைய அளவிலேயே கிடக்கிறது. இடையில் முன்னால் பஞ்சரானால் பின் சக்கரம் ஒன்றைக் கழற்றி முன்னே மாட்டி, ஸ்டெப்னியைப் பின்னால் போடுவதாகத் திட்டம். முன் அச்சில் இரண்டு வேறு விட்டம் சுற்றி, இரு முன் சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் வீணாக உழைக்க வேண்டாம். அலைன்மென்ட் வரும் சனிக்கிழமை.