அத்தையும் ஆச்சியும் ஒருத்தி

களக்காட்டு வாழைத் தோட்டத்துக்கு மூன்றாம் முறையாகக் குருத்து வெட்டப் போனபோது தோட்டக்கார அண்ணாச்சிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "கொண்டுபோன இலையெல்லாம் என்ன ஆயிற்று, சார்?" கெட்டுவிட்டது என்றேன். அப்போது அப்படித்தான் நம்பினேன்.

ஏத்தன் வாழையின் மரபணு ஒன்றை வரிசைப்படுத்தினால், அதாவது அதன் டி.என்.ஏ. எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தால், திரையில் எழுத்துக்கு ஒரு நிற முகடு வர வேண்டும். எனக்கோ பல இடங்களில் சிவப்பும் நீலமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. குழாயில் வேறு ஏதோ கலந்துவிட்டது என்று கொட்டிவிட்டு மறுபடி தொடங்கினேன். இரண்டு முறை. வாழைக்கறை பட்டுப் போன சட்டைகள் தனிக் கணக்கு.

கலந்தது குழாயில் இல்லை, வாழையிலேயே. மூசா அக்குமினேட்டா, மூசா பால்பிசியானா என்ற இரண்டு காட்டு இனங்களின் கலப்பில் வந்தது ஏத்தன். முன்னதன் பங்கு இரண்டு, பின்னதன் பங்கு ஒன்று, பங்குக்கு 11 வீதம் ஆக 33 குரோமோசோம்கள். சிம்மண்ட்ஸும் ஷெப்பர்டும் 1955இலேயே தண்டின் நிறம், பூமடல் என்று 15 அடையாளங்களை வைத்து வாழை ரகங்களை இப்படிப் பிரித்துவிட்டார்கள். இதைப் பாடமாக நடத்துகிறவன் நான். ஆனாலும் கையில் தரவு வந்ததும் வம்சாவளி மரம்தான் வரையப் பார்த்தேன். டார்வின் 1837இல் குறிப்பேட்டில் கிறுக்கிய நாள்முதல் எங்கள் தொழிலுக்கு அந்தக் கைப்பழக்கம்.

மரத்தில் கிளை பிரியலாம், சேரக் கூடாது. வாழையிலோ, செல்லுக்குள் தனி மரபணு வைத்திருக்கும் உறுப்புகளில் பசுங்கணிகம் தாய்வழி வருகிறது, மைட்டோகாண்ட்ரியா தந்தைவழி வருகிறது. ஒன்றை வைத்து வரைந்த மரத்தை மற்றதன் மரம் மறுக்கும்; இரண்டும் உண்மை. இரண்டு கோடுகள் வந்து கூடும் முடிச்சுக்கு இடம் தருவது வலையமைப்புதான்.

அண்ணாச்சி ஒப்பவில்லை. "வாழையடி வாழை என்கிறோம். கன்றுக்கு ஏது சார் அப்பன்?" அவர் தோட்டத்தைப் பொறுத்தவரை அது சரி, பக்கக்கன்று தாயின் நகல்தான். கலப்பு நடந்தது எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"நான் அக்காள் மகளைக் கட்டியவன். என் மகனுக்கு என் அக்காள் அத்தையும் ஆகிறாள், ஆச்சியும் ஆகிறாள். அந்த மாதிரியா?"

அரிவாள் நுனியால் ஈரமண்ணில் கீறியும் காட்டினார். அவருடைய அப்பா அம்மாவிடம் பிரிந்த இரண்டு கோடுகள் மகனிடம் வந்து முட்டின. வகுப்பில் அரை மணி நேரம் ஆகும் எனக்கு.

பாளையங்கோட்டைக்குத் திரும்பி மற்ற ரகங்களோடு சேர்த்து, வலையமைப்பு வரையும் ஸ்பிளிட்ஸ்ட்ரீ மென்பொருளில் போட்டேன். படத்தின் நடுவே கட்டம் கட்டமாக விழுந்தது. கட்டத்தைக் கண்டதுமே 'கலப்பு' என்று எழுதிவிடும் அவசரம் பலருக்கு உண்டு. தரவு தனக்குள்ளேயே முரண்படுகிறது என்பதற்கு மேல் கட்டம் ஒன்றும் சொல்வதில்லை. முரணுக்குக் காரணம் கலப்பாகவும் இருக்கலாம், என் கைப்பிழையாகவும் இருக்கலாம்.

கொட்டிய இரண்டு மாதிரிகளின் கோப்புகளும் 'பழுது' என்ற பெயரில் கணினியில் கிடந்தன. மூன்றாவதோடு அருகருகே வைத்துப் பார்த்தேன். சிவப்பும் நீலமும் மூன்றிலும் அதே இடங்களில் ஏறி நின்றன.